நிதிக் கல்வி: கூட்டு வட்டி படித்தவர்களும் கடன் தாளில் ஏன் தடுமாறுகிறார்கள்?

ஏதோ ஒரு நிதி நிறுவனம் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடும்போதும், கடன் செயலியிடம் சிக்கிய குடும்பம் ஒன்று செய்தியாகும்போதும், "இதையெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்ற பேச்சு எழுகிறது. எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் சிக்கனம் என்பார். இன்னொருவர் பங்குச்சந்தை என்பார். மூன்றாமவர், "கணக்குப் பாடத்தில்தான் வட்டி இருக்கிறதே, புதிதாக என்ன?" என்பார். மூன்றுமே விஷயத்தின் ஓரத்தோடு நின்றுவிடுகின்றன.

நிதிக் கல்வி என்பது, பணம் சம்பந்தப்பட்ட ஒரு முடிவை எடுக்கும் முன் அதற்கு இன்று எவ்வளவு, மொத்தத்தில் எவ்வளவு, தவறிப்போனால் எவ்வளவு என்று தானே கணக்கிட்டுப் பார்க்கும் திறனைத் தருவது. இதைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அது நியாயமானதா என்று முடிவுசெய்ய, முதலில் அந்தத் திறன் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும்.

பங்குச்சந்தைப் பயிற்சியும் சேமிப்பு உபதேசமும்

கல்லூரி மாணவர்களிடம் "நிதி அறிவு" என்ற பெயரில் இன்று அதிகம் போய்ச்சேர்வது வணிகப் பயிற்சி விளம்பரங்கள்தான். வீட்டிலிருந்தே கைபேசியில் பங்கு வர்த்தகம் செய்து தினமும் சம்பாதிக்கலாம் என்கிறார்கள். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குச்சந்தையின் ஊக வணிகப் பிரிவான எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அந்த வணிகத்தில் ஈடுபட்டவர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்களின் விகிதம் ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்திருந்தது. அந்தப் பயிற்சியை வகுப்பறைக்குள் கொண்டுவருவதை யாரும் நிதிக் கல்வி என்று அழைக்கக் கூடாது.

சேமிப்பு உபதேசமும் போதாது. உண்டியலில் காசு போடச் சொல்வது நல்ல பழக்கம்தான். ஆனால் மாதம் 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் இளைஞர், தவறான ஒரு கடன் தாளில் கையெழுத்திட்டால் அந்த மிச்சம் முழுவதும் வட்டியாகப் போய்விடும். சிக்கனமானவர்களும் ஏமாறுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது கணக்கைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம்.

வட்டி என்பது வாடகை

கல்யாண வீட்டுக்கு 24 நாற்காலிகளை 24 நாட்களுக்கு வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு நாற்காலியாகத் திருப்பிக் கொடுத்துவருகிறீர்கள். கடைசி நாளில் உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. ஆனால் கடைக்காரர் 24 நாற்காலிகளுக்கும் 24 நாள் வாடகை கேட்டால்? "திருப்பிக் கொடுத்த நாற்காலிக்கு எதற்கய்யா வாடகை?" என்று சண்டைக்குப் போய்விடுவோம். பணத்தில் இதே கணக்கு நடக்கும்போது நாம் நன்றி சொல்லிவிட்டு வருகிறோம்.

கடன் என்பது பிறர் பணத்தை வாடகைக்கு எடுப்பது. அந்த வாடகையின் பெயர் வட்டி. வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டால் அது நிலை வட்டி. கடைகளில் 'ஃபிளாட் ரேட்' என்பார்கள். அந்தந்த மாதம் மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் அது குறையும் நிலுவை வட்டி.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். இரு சக்கர வண்டிக்கு 60,000 ரூபாய் கடன். ஆண்டுக்கு 10 சதவீத நிலை வட்டி, இரண்டு ஆண்டுகள். வட்டி ஆண்டுக்கு 6,000 வீதம் 12,000. மொத்தம் 72,000. மாதத் தவணை 3,000. விற்பனைக் கூடத்தில் வாய்மொழியாகச் சொல்வது "பத்து பர்சன்ட்தான் சார், மாதம் மூவாயிரம்தான்".

கடைசி மாதத்துக்குப் போவோம். அதற்குள் 23 தவணைகள் கட்டியாகிவிட்டது. இன்னும் நீங்கள் தர வேண்டிய அசல் 3,000 ரூபாய்க்கும் கீழே. ஆனாலும் அந்த மாதத்துக்கும் 60,000 ரூபாய்க்கு உரிய 500 ரூபாய் வட்டி அந்தத் தவணைக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளிலும் சராசரியாக உங்கள் கையில் இருந்த கடன் சுமார் 33,000 ரூபாய்தான். அதற்கு ஆண்டுக்கு 6,000 வட்டி என்றால் உண்மையான வட்டி 18 சதவீதம். பத்து என்று சொல்லப்பட்டது பதினெட்டு. யாரும் பொய் சொல்லவில்லை. கணக்குப் போட்ட முறையை மட்டும் சொல்லவில்லை.

நம் ஊர் வட்டி வழக்கு இன்னொரு குழப்பத்தைக் கூட்டுகிறது. 'இரண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி சொல்வது ஆண்டுக் கணக்கு, தெருவில் சொல்வது மாதக் கணக்கு. "பேங்கில் பதினொன்று கேட்கிறான், இவர் இரண்டு வட்டிக்கே தருகிறார்" என்று சொல்லிவிட்டு இரு மடங்குக்கு மேல் கட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த வட்டியையும் ஆண்டுக்கு, குறையும் நிலுவையில் எவ்வளவு என்று மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

*இதுவரை பார்த்தது: வட்டி என்பது பணத்தின் வாடகை. எத்தனை சதவீதம் என்பதோடு, எந்தத் தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையும் கேட்டால்தான் உண்மை விலை தெரியும்.*

வட்டியே இல்லாத தவணை

கைபேசிக் கடையில் 20,000 ரூபாய் போன். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 தள்ளுபடி. தவணையில் வாங்கினால் வட்டி கிடையாது, மாதம் 2,000 வீதம் பத்து மாதம். ஆனால் தள்ளுபடி கிடையாது. இங்கே போனின் உண்மை விலை 18,000. நீங்கள் வாங்கிய கடனும் 18,000. திருப்பிக் கட்டுவது 20,000. குறையும் நிலுவையில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 23 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. செயல்முறைக் கட்டணம் என்று 300, 400 பிடித்தால் இன்னும் ஏறும்.

ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று எழுதிவிட்டது. அதன் பிறகும் அந்த விளம்பரப் பலகை எல்லாக் கடைகளிலும் தொங்குகிறது. சுற்றறிக்கை வங்கிக்குப் போகும், வாங்குபவரிடம் போகாது.

பாடப்புத்தகம் ஒரு திசையில், வாழ்க்கை எதிர்த்திசையில்

"வட்டிதான் பாடத்தில் இருக்கிறதே" என்ற மூன்றாமவரின் கேள்வி மூன்றிலும் கனமானது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் தனிவட்டி உண்டு. எட்டாம் வகுப்பில் 'வாழ்வியல் கணிதம்' என்ற தலைப்பிலேயே கூட்டு வட்டி உண்டு. அதில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைதான் இருபத்திரண்டு வயதில் அந்த வண்டிக் கடனில் கையெழுத்திடுகிறது. எங்கே அறுந்தது?

பாடப்புத்தகத்தின் கேள்வி பெரும்பாலும் ஒரே திசையில் போகும். அசல் தரப்பட்டிருக்கும், வட்டி வீதம் தரப்பட்டிருக்கும், காலம் தரப்பட்டிருக்கும், வட்டியைக் காண்க. வாழ்க்கையில் தவணை சொல்லப்படும், எத்தனை மாதம் என்று சொல்லப்படும். வட்டி வீதம்தான் மறைந்திருக்கும். நாம் காண வேண்டியது எது என்பதே மாறிவிடுகிறது. போதாக்குறைக்குப் பாடக் கணக்கில் கடனை ஒரே தடவையில் திருப்பிக் கொடுப்பார்கள். இன்றைய தனிநபர் கடன்களோ பெரும்பாலும் மாதத் தவணையில் ஓடுபவை. தவணை என்று வந்த உடனே அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்த சூத்திரம் பொருந்தாமல் போகிறது.

என் பார்வையில் நிதிக் கல்வியின் மையம் இந்தத் திருப்பம்தான். புதிய கணிதம் எதுவும் வேண்டாம். தெரிந்த கணக்கைப் பின்னாலிருந்து போடப் பழக்க வேண்டும்: தாளில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்து எழுதப்படாத எண்ணை எடுப்பது.

இதற்கு உதவியாக ஒரு தாள் இப்போது சட்டப்படியே கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர் கடன் தரும்போது 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்ற ஒரே எண் அதில் இருக்கும். அதற்கு ஆண்டுச் சதவீத வீதம் என்று பெயர். நம் வண்டிக் கடனில் பத்து என்று வாயால் சொல்லப்பட்டது, அந்தக் கட்டத்தில் பதினெட்டாக இருந்தாக வேண்டும். இரண்டு கடைகளின் கடனை ஒப்பிட அந்த ஒரு கட்டம் போதும். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதும், எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் எத்தனை பட்டதாரிகளுக்குத் தெரியும்?

*சுருக்கமாக: பள்ளியில் வீதம் தந்து வட்டி கேட்கிறார்கள், கடையில் தவணையைச் சொல்லி வீதத்தை மறைக்கிறார்கள். இந்த எதிர்த்திசைக் கணக்கைப் பழக்குவதே நிதிக் கல்வியின் முதல் வேலை.*

பதினெட்டு வயதில் ஒரு பெரிய கையெழுத்து

பள்ளியிலேயே தொடங்க வேண்டும் என்பதற்குக் கல்விக் கடனை விடப் பெரிய காரணம் தேவையில்லை. பிளஸ் 2 முடித்த கையோடு, பெற்றோருடன் சேர்ந்து மாணவரே கையெழுத்திடும் கடன் அது. அதை வாங்கும் மாணவர்களில் பெரும்பாலோருக்கு முதல் கடனும் அதுதான்.

"படிப்பு முடியும் வரை வட்டி இல்லை" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது தவறு. படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லை என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதற்கு 40,000, பிறகு 30,000, பிறகு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 4 லட்சம் அல்ல, 5 லட்சத்து 40 ஆயிரம். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் சிறிது சிறிதாகக் கட்டிவந்தால் இந்த ஏற்றம் குறையும். ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, தகுதியுள்ள படிப்புகளில், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை ஏற்றுக்கொள்ளும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றும் உண்டு. வருமானச் சான்றிதழோடு கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வேண்டும் என்று தெரியாததாலேயே அதை இழக்கும் குடும்பங்களை நினைத்தால் மனம் ஆறவில்லை. மூன்று வகுப்புகளில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இது.

மற்ற மூன்று கேள்விகள்

கடனைப் புரிந்துகொண்டவருக்கு மீதி எளிது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், பீரோவில் வைத்த ஒரு லட்சம் 12 ஆண்டுகளில் பாதி மதிப்புக்கு இறங்கிவிடும், இதுதான் பணவீக்கம். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்துப் போடுவது இடரைப் பரவலாக்குவது.

மூன்றாவது, நம்ப முடியாத லாபத்தைச் சோதிப்பது. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். "மாதம் 10 சதவீதம் தருகிறோம்" என்கிறது ஒரு நிறுவனம். எட்டாம் வகுப்புக் கூட்டு வட்டிச் சூத்திரத்தில் அதைப் போடுங்கள். அதே வேகத்தில் போட்ட பணம் ஐந்து ஆண்டுகளில் 304 மடங்காக வேண்டும்; ஒரு லட்சம் 3 கோடியைத் தாண்டும். அப்படிப் பெருக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டு வாசலில் வந்து ஒரு லட்சம் கேட்பார்களா? தமிழ்நாட்டில் முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே 1997-இல் வந்தது. அந்தச் சட்டம் பணம் போன பிறகு வேலை செய்வது. இந்தக் கணக்கு பணம் போவதற்கு முன்னால் வேலை செய்வது.

உலக அளவில் நிதி அறிவை அளக்கப் பயன்படும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். பொருளாதார அறிஞர்கள் அன்னமாரியா லுசார்டியும் ஒலிவியா மிட்செலும் 2004-இல் அமெரிக்காவில் 50 வயது கடந்தவர்களிடம் கேட்ட மூன்று எளிய கேள்விகள் கூட்டு வட்டி, பணவீக்கம், இடர்ப் பரவல் பற்றியவை. மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான். இந்தியாவில் தேசிய நிதிக் கல்வி மையம் 2019-இல் வேறு கேள்வித்தாளோடு நடத்திய கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேரே நிதி அறிவு உள்ளவர்களாக மதிப்பிடப்பட்டார்கள்.

ஏன் கட்டாயம்?

விருப்பப் பாடமாக வைத்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே தெரியும். பிளஸ் 1-இல் வணிகவியல் பிரிவு எடுத்தவர்கள் கொஞ்சம் படிப்பார்கள். உயிரியல், கணினிப் பிரிவு மாணவர்கள் வட்டியை எட்டாம் வகுப்போடு விட்டுவிடுவார்கள். கடன் மட்டும் எல்லாப் பிரிவினருக்கும் வரும். வீட்டில் அப்பா வங்கி ஊழியராக இருந்தால் பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே இந்த அறிவு கிடைத்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் பள்ளியைத் தவிர வேறு இடமில்லை.

கட்டாயம் என்று அறிவித்தாலே நடந்துவிடாது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே 2014 செப்டம்பர் முதல் இடைநிலைப் பள்ளிகளின் குடிமையியல் பாடத்தில் நிதிக் கல்வி சேர்க்கப்பட்டது. ஆனால் அரசு நிதியில் தன்னாட்சியாக இயங்கும் 'அகாடமி' வகைப் பள்ளிகள் தேசியப் பாடத்திட்டத்துக்குக் கட்டுப்பட்டவையாக இருக்கவில்லை, இடைநிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை அந்த வகைக்கு மாறியிருந்தன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியா 2024-இல் சட்டம் இயற்றி, 2030-31 கல்வியாண்டில் பள்ளிப் படிப்பை முடிக்கும் மாணவர்கள் முதல், ஒரு பருவ நிதிப் பாடம் முடித்தால்தான் தேர்ச்சி என்று வைத்திருக்கிறது. ஆசிரியர்களைத் தயார்செய்ய இத்தனை ஆண்டு அவகாசம் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

பலன் உண்டா?

இதில் ஆராய்ச்சியாளர்களிடையே உண்மையான சண்டை நடந்தது. 2014-இல் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் 0.1 சதவீதத்தை மட்டுமே நிதிக் கல்வி விளக்குகிறது என்றது. 2022-இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பு, 33 நாடுகளின் 76 சோதனைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. எல்லாமே குலுக்கல் முறையில் சிலருக்குப் பாடம் நடத்தி, சிலருக்கு நடத்தாமல் ஒப்பிட்டவை. அதில் அறிவிலும் நடத்தையிலும் பலன் தெளிவாகத் தெரிந்தது. எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது. ஆனால் முதலாவது சொன்ன ஒன்றை மறக்கக் கூடாது. கற்றது காலப்போக்கில் கரைகிறது. முடிவெடுக்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கற்றால்தான் நிற்கிறது.

அமெரிக்காவில் நிதிப் பாடம் கட்டாயமான மாநிலங்களின் மாணவர்கள், கல்லூரிச் செலவுக்குக் கடன் அட்டையைக் குறைத்து மலிவான அரசுக் கடனை நாடினார்கள் என்று கண்டறியப்பட்டதும் இதையே காட்டுகிறது. பிரேசிலில் சுமார் 900 பள்ளிகளில் நடந்த சோதனையில் மாணவர்களின் சேமிப்பு கூடியது. அதே மாணவர்கள் கடனில் பொருள் வாங்குவதும் கூடியது. சேமிப்பை மட்டும் சொல்லிவிட்டுக் கடனைத் தொடாமல் விட முடியாது என்று நான் அழுத்துவது இதனால்தான்.

இன்னொரு எதிர்ப்பையும் நேராகச் சந்திக்க வேண்டும். காலையில் 900 ரூபாய் வாங்கி மாலையில் 1,000 திருப்பித் தரும் காய்கறி வியாபாரிக்கு அந்த வட்டி எவ்வளவு கொடியது என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். அவருக்கு வேண்டியது வங்கிக் கடன், பாடம் அல்ல. கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் வந்த சட்டத்தை ஒழுங்காக அமல்படுத்துவதற்கு நிதிக் கல்வி மாற்றாகிவிடாது. வறுமைக்குக் காரணம் ஏழைகளின் அறியாமை என்று சொல்ல இந்தப் பாடத்தைப் பயன்படுத்தினால் அதை நானே எதிர்ப்பேன். தேர்வு செய்ய இரண்டு வழிகள் இருக்கும் இடத்தில், எது மலிவானது என்று கண்டுபிடிக்க உதவுவதே இதன் எல்லை.

யார், எதை வைத்து நடத்துவது?

வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் இலவசமாக வந்து கல்லூரிகளில் வகுப்பெடுக்கத் தயாராக இருக்கின்றன. முடிவில் கணக்குத் தொடங்கும் படிவமும் கையில் தரப்படும். விற்பவரே வாங்குபவருக்கு விலை பார்க்கக் கற்றுத்தருவது சரிவராது. கணித ஆசிரியரும் வணிகவியல் ஆசிரியரும் போதும். அவர்களுக்குச் சில நாள் பயிற்சியும் உண்மையான தாள்களும் வேண்டும். பெயர் நீக்கிய ஒரு முக்கிய விவர அறிக்கை, ஒரு கல்விக் கடன் அனுமதிக் கடிதம், ஒரு மருத்துவக் காப்பீட்டுப் பத்திரம், வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் உள்ள ஒரு சம்பளச் சீட்டு. முதல் இரண்டும் பிளஸ் 2-க்கு, மற்ற இரண்டும் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுக்கு. வேலைக்குச் சேர்ந்ததும் அவைதான் கைக்கு வரும்.

தேர்வும் மாற வேண்டும். 'நிதிக் கல்வியின் பயன்கள் ஐந்து எழுதுக' என்று கேட்டால் பிள்ளைகள் ஐந்தும் மனப்பாடம் செய்வார்கள், பாடம் செத்துவிடும். இரண்டு கடன் தாள்களை அச்சிட்டுக் கொடுத்து, எது மலிவு, எவ்வளவு மலிவு, எந்தக் கட்டணம் மறைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு கேள்வி பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்துவிட்டால், அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் அதை நடத்தத் தொடங்கிவிடுவார்கள்.